வெல்டிங் மெசின் வாங்க முதல் வீட்டு லைனைப் பாருங்கோ: வளவுக்குள் ஒட்டுப் பழகிய குறிப்புகள்

யாழ்ப்பாணத்தில் இரும்புக்கு ஆயுள் குறைவு. குடாநாட்டில் எந்த ஊரில் இருந்தாலும் கடலோ கடனீரேரியோ அதிக தூரத்தில் இல்லை. உப்புக் காற்று கேற்றின் அடிச்சட்டத்தை முதலில் தின்னும், பிறகு பிணைச்சலை, பிறகு கிணற்றடிக் கம்பியை. ஒவ்வொன்றும் அரை மணித்தியால வேலைதான். ஆனால் அந்த அரை மணித்தியாலத்துக்கு வெல்டிங் கடைக்காரரை வீட்டுக்கு வரப்பண்ணுவது பெரும்பாடு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பெரிய கேற், கூரை வேலை என்று கையில் இருக்கும்போது பிணைச்சல் ஒட்ட யார் மெசினைத் தூக்கிக்கொண்டு வருவார்?

அதனால் நானே பழகுவது என்று முடிவெடுத்தேன். தொழிலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு வழி வேறு. வெல்டிங்குக்குத் தேசிய தொழில் தகைமை இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையும் நைற்றாவும் (தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை) அதற்குப் பயிற்சி நடத்துகின்றன. இது சனி, ஞாயிறுகளில் வளவுக்குள் செய்யும் ஆளுக்கான பதிவு.

மெசின் தேடத் தொடங்கினால் முதலில் கண்ணில் படுவது பெட்டியில் பெரிதாக அடித்திருக்கும் எண்தான். 200, 250, 300 என்று போகும். விலையும் அதோடு கொஞ்சம் ஏறும், ‘கூடினதாய் ஒன்றை எடுத்து வைப்போம்’ என்று மனம் சொல்லும். எங்கள் பக்கத்தில் பல காலமாக ஒட்டு வேலை செய்யும் ஒரு அண்ணையிடம் போய்க் கேட்டேன். அவர் என்ன மெசின் என்று கேட்கவில்லை.

“தம்பி, உம்மடை வீட்டிலை என்ன பிளக் கிடக்கு?” என்றார்.

“13 அம்பியர் சதுரக் கால் பிளக் அண்ணை. குசினிக்கை ஒரு 15 அம்பியர் உருண்டைக் கால் இருக்கு.”

“அப்ப முதல்லை அதுக்கு எவ்வளவு தாங்கும் எண்டு பாரும். மெசினை பேந்து பாப்பம்.”

இதைவிட நல்ல ஆலோசனை எனக்கு வேறு எங்கும் கிடைக்கவில்லை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

றொட் வெல்டிங்கில் (பூச்சுப் பூசிய கம்பியை எரித்து ஒட்டுவது) எரியும் தீப்பொறிக்கு, அதாவது ஆர்க்குக்கு, எவ்வளவு வோல்ற் வேண்டும் என்பதற்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: 20 உடன், அம்பியரை 0.04 ஆல் பெருக்கி வருவதைக் கூட்ட வேண்டும். 70 அம்பியரில் ஒட்டினால் 22.8 வோல்ற். இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 1,600 வாற். சாதாரண இன்வேர்ட்டர் மெசினின் வினைத்திறனை 80 வீதம் என்று வைத்தால் அது சுவரிலிருந்து 2,000 வாற் இழுக்கும். அதோடு முடியவில்லை. மலிவான மெசின்களின் வலுக்காரணி (இழுக்கும் மின்னில் உண்மையில் வேலைக்குப் போகும் பங்கு) 0.7 அளவில்தான் நிற்கும். ஆகவே 230 வோல்ற் லைனில் 12 அம்பியரைத் தாண்டி ஓடும். 13 அம்பியர் பிளக்கின் எல்லை கிட்டத்தட்ட அங்கேயே வந்துவிடுகிறது.

90 அம்பியருக்கு இதே கணக்கைப் போட்டால் லைனில் 16 அம்பியருக்கு மேல். 200 அம்பியருக்குப் போட்டால் 43 அம்பியர் வரும். எங்களில் பெரும்பாலான வீடுகளுக்கு வந்திருப்பது 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு. ஆக, 200 என்று எழுதிய பெட்டியை வாங்கி வந்தாலும் அந்த 200 ஐ வீட்டில் ஒருநாளும் பார்க்க முடியாது. குசினியில் கேத்தில் போட்டிருந்தால் 100 கூடச் சந்தேகம்தான்.

சரி, அப்படியானால் எவ்வளவு தேவை? வீட்டு வேலைக்கு 2.5 மில்லிமீற்றர் றொட் போதும். அதற்கு 60 முதல் 90 அம்பியர் வரை. 3.2 றொட்டுக்கு 90 முதல் 130 வரை வேண்டும், அது தடித்த இரும்புக்கு. நாங்கள் ஒட்டப்போவது பெரும்பாலும் 3 மில்லிமீற்றர் எல் இரும்பும் அதைவிட மெல்லிய பொக்ஸ் பாரும். 120 அல்லது 140 அம்பியரை நேர்மையாகத் தரும் சின்ன இன்வேர்ட்டர் மெசின் இருந்தால் அதற்குமேல் காசு போடத் தேவையில்லை.

‘நேர்மையாக’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மெசினின் பின்பக்கத் தகட்டில் அம்பியருக்குப் பக்கத்தில் ஒரு வீதம் எழுதியிருப்பார்கள். அதை டியூட்டி சைக்கிள் என்பார்கள். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் அந்த அம்பியரில் தொடர்ந்து எரிக்கலாம் என்பதுதான் அது. 60 வீதம் என்றால் 6 நிமிடம் எரித்து 4 நிமிடம் ஆறவிட வேண்டும். ஒழுங்கான மெசின்களில் இதை 40 பாகை வெப்பத்தில் வைத்துச் சோதிப்பார்கள். சிலவற்றில் அந்த வீதமே எழுதப்பட்டிருக்காது. அப்படிப்பட்டதை நான் வாங்கமாட்டேன். எங்கள் ஊரில் சித்திரை வெயிலில் முற்றத்தில் வைத்த இரும்புப் பெட்டி எவ்வளவு சூடேறும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எழுதியிருப்பதிலும் கொஞ்சம் குறைத்தே எண்ண வேண்டும்.

பழைய ட்ரான்ஸ்ஃபோமர் மெசின் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் பாவித்தது ஒன்று மலிவாக வருகிறது என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கராஜ்களில் சில்லுப் பூட்டி மூலையில் நிற்கும் அந்தப் பெரிய பெட்டிகள். உள்ளே செப்புச் சுற்றும் இரும்புத் தகடுகளும் மட்டும்தான், கெட்டுப்போக ஒன்றும் இல்லை. இருபது வருடம் கழித்தும் ஓடும். ஆனால் ஏசி மின்னில் எரிவதால் தீப்பொறி செக்கனுக்கு 100 தடவை செத்துப் பிறக்கும். பழகுபவன் கையில் அது அடிக்கடி நூரும், றொட் ஒட்டிக்கொள்ளும். தூக்கவும் இரண்டு பேர் வேண்டும். போட்டவுடன் அயல்வீட்டு லைற் மங்கும், பிறகு வேலிக்கு மேலால் ஒரு தலை தெரியும். கடை வைத்திருப்பவருக்கு அது நல்ல சாமான், எனக்கு இல்லை.

இன்வேர்ட்டர் மெசின் வீட்டு மின்னை முதலில் டிசி ஆக்கி, ஐஜிபிடி போன்ற எலெக்ட்ரோனிக் சுவிச்சுகளால் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி, சின்ன ட்ரான்ஸ்ஃபோமரில் ஏற்றித் திரும்ப டிசி ஆக்குகிறது. வெட்டும் வேகம் கூடக் கூட ட்ரான்ஸ்ஃபோமர் சிறுக்கும். அதனால்தான் ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய பெட்டியில் அடங்குகிறது. டிசி தீப்பொறி அமைதியாக எரியும். பற்றவைக்கும்போது கொஞ்சம் அம்பியரைக் கூட்டித் தரும், றொட் ஒட்டிக்கொண்டால் தானே குறைத்துவிடும். பழகுபவனுக்கு இவை பெரிய உதவி. பலவீனம் உள்ளே இருக்கும் எலெக்ட்ரோனிக் பலகையில். காற்றாடி கிறைண்டர் தூசியை இழுத்து உள்ளே கொட்டினால் இரும்புத் தூள் பலகையில் படிந்து ஒருநாள் வெடிக்கும். கிறைண்டர் அடிக்கும் இடத்துக்கும் மெசினுக்கும் சில மீற்றர் இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். பாவிக்காத நாட்களில் மூடி வையுங்கள், எறும்பும் பல்லியும் காற்றுத் துவாரத்தால் உள்ளே குடிபுகும். இது பகிடி இல்லை. எங்கள் ஊரில் எத்தனை கிணற்று மோட்டர் சுவிச்சுகள் பல்லியால் போயிருக்கின்றன என்று எந்த மின் வேலைக்காரரையும் கேட்டுப்பாருங்கள்.

அப்புறம் மிக் வெல்டிங். காணொளிகளில் எல்லாரும் அதைத்தான் புகழ்வார்கள். துவக்குப் போன்ற பிடியிலிருந்து கம்பி தானாக வரும், காபனீரொட்சைட்டோ ஆகனோடு கலந்த வாயுவோ சுற்றி நின்று உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கும். மெல்லிய தகட்டுக்கு அதுபோல் சுகம் இல்லை. ஆனால் நான் ஒட்டுவது கூரையில்லாத முற்றத்தில். வைகாசியில் தொடங்கி மாதக்கணக்கில் வீசும் சோளகம் இருக்கிறதே, அதில் உடுப்பே கொடியில் நிற்காது, வாயு எப்படி நிற்கும்? வாயு கலைந்தால் ஒட்டு முழுக்க ஊசித் துளை. வாயு இல்லாமல் ஓடும் ஃப்ளக்ஸ் கம்பி (காவல் மருந்து உள்ளே நிரப்பியது) காற்றைத் தாங்கும். ஒருநாள் அதற்கு மாறலாம். றொட்டிலோ மேலிருக்கும் பூச்சே எரிந்து வாயுவாகவும் கசடாகவும் மாறிக் காவல் செய்கிறது. பூச்சுப் பூசிய றொட்டை 1900களின் முதற் பத்தாண்டில் சுவீடன்காரரான ஒஸ்கார் செல்பேர்க் கண்டுபிடித்தார். கப்பல் கொதிகலன்களைத் திருத்தும் வேலைக்காக வந்த யோசனை. கப்பல்துறைக் காற்றில் பிறந்த முறை சோளகத்துக்கும் சரிவருவதில் அதிசயம் இல்லை.

டிக் வெல்டிங் (உருகாத ரங்ஸ்ரன் ஊசியில் தீப்பொறி எரித்து, கம்பியை மற்றக் கையால் ஊட்டுவது) வடிவான வேலை. ஆனால் ஆகன் சிலிண்டர் வேண்டும், இரண்டு கையும் வேண்டும், சில வேளை காலும் வேண்டும். துருப்பிடிக்காத உருக்கு, அலுமினியம் என்று போகும்போது பார்க்கலாம்.

லைன் வேலைக்கு வருவோம். வெல்டிங்குக்கென்று தனியாக ஒரு சொக்கற் எடுத்தேன். 4 சதுர மில்லிமீற்றர் வயர், 20 அம்பியர் பிறேக்கர், ஏர்த் ஒழுங்காகக் கொடுத்தது. மின் வேலைக்காரரைக் கொண்டுதான் செய்வித்தேன், அதில் விளையாடக்கூடாது. எக்ஸ்ரென்சன் வயர் விசயத்தில் பலர் கோட்டை விடுவார்கள். கடையில் கிடைக்கும் 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 30 மீற்றர் இழுத்து 15 அம்பியர் ஓட்டினால் வயரிலேயே 16 வோல்ற் போய்விடும். ஏறக்குறைய 240 வாற் சூடு. அதை உருளையில் சுற்றியபடியே பாவித்தால் உள்சுற்று உருகி ஒட்டிக்கொள்ளும். 2.5 வயரில் அதே தூரத்துக்கு 7 வோல்ற்தான் இழப்பு. எதுவானாலும் முழுக்க அவிழ்த்து நிலத்தில் போட்டுத்தான் பாவிக்க வேண்டும். பின்னேரம் ஊர் முழுக்க லைற்றும் மோட்டரும் போடும் நேரத்தில் வோல்ற் இறங்கும். அதை ஈடுசெய்ய மெசின் இன்னும் கூட அம்பியர் இழுக்கும். நான் காலையிலேயே ஒட்டிமுடிப்பது அதனால்தான்.

சிலர் ஜெனரேற்றரில் ஓட்டலாமா என்று கேட்பார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின் வெட்டியபோது பல வீடுகளில் சின்ன ஜெனரேற்றர்கள் வந்து சேர்ந்தன. அவை லைற்றுக்கும் ஃபானுக்கும் உதவும். மேலே சொன்ன கணக்கில் 70 அம்பியருக்கே கிட்டத்தட்ட 3 கேவிஏ (வோல்ற்றையும் அம்பியரையும் பெருக்கி ஆயிரத்தால் பிரித்தது) வேண்டும், எனவே 5 கேவிஏக்குக் குறைந்ததில் மெசினைச் செருகாதீர்கள். வோல்ற் துள்ளினால் ஜெனரேற்றர் தப்பினாலும் மெசின் தப்பாது.

மெசினுக்குப் போட்ட காசில் ஒரு பங்கை முகமூடிக்கு ஒதுக்குங்கள். தானாகக் கறுக்கும் முகமூடி பழகுபவனுக்கு ஆடம்பரம் இல்லை. கையில் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடியோடு தொடங்கினால், பற்றவைக்கும் கணத்தில் றொட்டின் நுனி எங்கே நிற்கிறது என்று தெரியாது. தெரிவதற்காகக் கண்ணாடியை விலக்கிப் பற்றவைக்கும் பழக்கம் வரும். அன்று இரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல எரியும். புறஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்ட புண் அது. பட்டு ஆறேழு மணித்தியாலம் கழித்துத்தான் நோ தொடங்கும் என்பதால் பலருக்குக் காரணமே பிடிபடாது. தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வெட்டி வை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கண் வைத்தியரிடம் போங்கள். வெல்டிங் செய்பவர் பக்கத்தில் நின்று விடுப்புப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே கதைதான், அவர்களை முதலில் கலையுங்கள். 70, 80 அம்பியருக்குக் கறுப்பு அளவு 10 எனக்குச் சரியாக இருந்தது.

உடுப்பில் பருத்தி மட்டும். பொலியெஸ்ரர் சாரமும் ரப்பர் செருப்பும் எங்கள் ஊர்ப் பட்டறைகளின் சீருடை மாதிரி ஆகிவிட்டது, ஆனால் பொறி விழுந்தால் பொலியெஸ்ரர் உருகித் தோலில் ஒட்டும். தோல் கையுறை, மூடிய சப்பாத்து, நீளக் கை. றொட் எரியாமல் சும்மா நிற்கும்போது பிடியில் 60, 70 வோல்ற் நிற்கும். காய்ந்த கைக்கு அது பெரிதில்லை. வியர்வையில் ஊறிய கையுறையோடு கிணற்றடி ஈரத்தில் வெறுங்காலுடன் நின்றால் பெரிதுதான். சில மெசின்களில் விஆர்டி என்று ஒரு வசதி இருக்கும், சும்மா நிற்கும்போது இந்த வோல்ற்றைக் குறைத்து வைக்கும். அது உள்ளதாகக் கிடைத்தால் நல்லது.

புகையை லேசாக எடுக்கவேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017 இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் பிரிவில் சேர்த்தது. முற்றத்தில் காற்றுக்குப் பக்கவாட்டில் நின்று, புகைத்தூணுக்குள் தலையைக் கொடுக்காமல் ஒட்டவேண்டும். இங்கே சோளகம் எங்கள் பக்கம்.

இன்னொன்று வேலி. கிடுகு வேலியோ பனையோலைக் கொட்டிலோ பக்கத்தில் இருந்தால் அங்கே கிறைண்டரும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். வெட்டும் பொறி பல மீற்றர் பறக்கும். கோடையில் காய்ந்த கிடுகுக்குள் புகுந்த பொறி உடனே எரியாது, உள்ளே கனன்று நீங்கள் சாப்பிடப் போன பிறகு பிடிக்கும். வேலைக்கு முதல் சுற்றுப்புறச் சருகைக் கூட்டி, ஒரு வாளி தண்ணீர் வைத்து, முடிந்த பிறகும் அரை மணித்தியாலம் அங்கேயே நிற்பது என் வழக்கம்.

பழகும் கதை

பழைய இரும்புக் கடையில் 5, 6 மில்லிமீற்றர் தகட்டு வெட்டுத் துண்டுகள் நிறைக்கு வாங்கலாம். பழகுவதற்கு அதுதான் சாமான். கையில் கிடைக்கிறது என்று மெல்லிய பொக்ஸ் பாரில் தொடங்கினால் ஓட்டை விழுந்து ஓட்டை விழுந்து வெறுத்துப்போகும். றொட் 6013, 2.5 மில்லிமீற்றர். அந்த எண்ணில் 60 என்பது ஒட்டின் இழுவை வலு, சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல். 1 என்றால் எந்த நிலையிலும் ஒட்டலாம். கடைசி எண் பூச்சின் வகையைச் சொல்கிறது. 7018 வலுவானது, ஆனால் ஈரம் பட்டால் பிழைக்காது, சூளையில் காயவைத்துப் பாவிக்கவேண்டும். வீட்டு வேலைக்கு 6013 தாராளம்.

முதலில் தகட்டின் மேல் நேர்க்கோடுகள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, தகடு முழுக்க நிரம்பும்வரை. உரசி இழுத்துப் பற்றவைத்து, தீப்பொறியின் நீளத்தை றொட்டின் உட்கம்பித் தடிப்பு அளவுக்கு வைத்துக்கொண்டு, றொட்டைப் போகும் பக்கம் கொஞ்சம் சரித்து இழுக்கவேண்டும். எரிய எரிய றொட் குறுகும், அதே வேகத்தில் கை கீழே இறங்க வேண்டும். இதுதான் கைக்கு ஆகக் கடினமாக வருவது. தூரம் கூடினால் சத்தம் மாறும், பொறி சிதறும். சரியான தூரத்தில் எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிவதுபோல ஒரே சீராகக் கேட்கும். காதை நம்பலாம், பல நேரம் கண்ணைவிட அது முந்திச் சொல்லும்.

அண்ணை ஒருநாள் வந்து என் கோடுகளைப் பார்த்தார். கசடைத் தட்டிவிட்டு விரலால் தடவினார்.

“நீர் வெளிச்சத்தைப் பாக்கிறீர். அதை விடும். அதுக்குப் பின்னாலை உருகிக் கிடக்கிறதைப் பாரும்.”

“எல்லாம் ஒரே சிவப்பாய்க் கிடக்கு அண்ணை.”

“இல்லை. இரும்பு பளபளவெண்டு தண்ணியாய் நிக்கும். கசடு கொஞ்சம் மங்கலாய், பின்னாலை அரைஞ்சு வரும். கசடு இரும்பை முந்திச்சுதெண்டால் உள்ளை அடைபட்டுப் போகும். முந்த விடாதையும்.”

இந்த வித்தியாசம் தெரிந்த பிறகு எல்லாமே மாறியது. அதற்கு முன் நான் றொட்டை ஓட்டினேன், பிறகு உருகிய இரும்பை ஓட்டத் தொடங்கினேன். கசடு முந்துகிறது என்றால் அம்பியர் குறைவு, அல்லது சரிவு போதாது, அல்லது தூரம் கூட. ஓரத்தில் பள்ளம் விழுந்தால் அம்பியர் கூட, அல்லது ஓரத்தில் கை நிற்காமல் போகிறது.

அவர் எரிந்து முடிந்த கட்டைத் துண்டுகளை எறியவும் விடமாட்டார். 90களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் சீமெந்து, பற்றரி, எரிபொருள் எல்லாம் வடக்குக்கு வரத் தடையாக இருந்தது, மின்சாரமும் இல்லை. அந்தக் காலத்தில் பழகிய கைகளுக்கு ஒரு ஆணியைக்கூட வீச மனம் வராது. இரண்டு அங்குலத் துண்டை இன்னொரு றொட்டின் நுனியில் ஒட்டி நீட்டி எரித்துக் காட்டினார். நான் அதைச் செய்வதில்லை, பார்க்க வடிவாக இருந்தது.

கோடு ஒழுங்காக வந்த பிறகு, ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் ஒட்டினேன். ஆறியதும் வைசில் பிடித்து, ஒட்டிய பக்கத்தின் மேல் மடியும்படி சுத்தியலால் அடிக்கவேண்டும். மேலே அழகாகத் தெரியும் ஒட்டு அடியில் பிடிக்காமல் கழன்று வருவதை இதில்தான் பார்க்கலாம். உடையும் இடத்தில் தகட்டின் பழைய ஓரம் அப்படியே நேராகத் தெரிந்தால் ஒட்டு உள்ளே இறங்கவில்லை. அம்பியரைக் கூட்டி, ஓரத்தைக் கிறைண்டரால் சுத்தமாக்கித் திரும்பச் செய்ய வேண்டும். தகடு வளைந்து ஒட்டு நிற்கும்வரை அடுத்த வேலைக்குப் போகக்கூடாது என்பது நான் எனக்கே வைத்த சட்டம்.

முதல் சாமான் ஒரு வேலை மேசை. 40 மில்லிமீற்றர் எல் இரும்பு, 3 மில்லிமீற்றர் தடிப்பு. ஆகச் சுகமான இரும்பு அதுதான், 80 அம்பியரில் ஓட்டையும் விழாது, உள்ளேயும் இறங்கும். ஒட்டு ஆறும்போது சுருங்கி எப்போதும் தன் பக்கம் இழுக்கும் என்பதை இந்த மேசைதான் கற்பித்தது. மூலைகளைப் புள்ளி ஒட்டால் பிடித்து, இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து, சமமா என்று பார்த்து, வித்தியாசம் இருந்தால் தட்டிச் சரிசெய்து, அதன் பிறகே முழு ஒட்டு. அதுவும் ஒரு மூலையை முடித்து அடுத்த மூலைக்குப் போவதில்லை. எதிர்மூலைக்கு மாறி மாறிப் போகவேண்டும். மேசைக்கு 5 மில்லிமீற்றர்த் தகடு போட்டேன். இனி எந்த வேலைக்கும் ஏர்த் கவ்வியை (மெசினிலிருந்து வரும் மற்ற வயரின் முனை) மேசையிலேயே மாட்டலாம்.

கேற்றின் அடிச்சட்டம்

இதற்காகத்தானே எல்லாம் தொடங்கியது. 50க்கு 25 பொக்ஸ் பார், 1.5 மில்லிமீற்றர். அடிச்சட்டம் மட்டும் தின்னப்பட்டதற்குக் காரணம் வெளியில் இல்லை. மேல் மூட்டுகளில் ஒட்டு முழுதாகச் சுற்றி வராத இடங்களால் மழைநீர் உள்ளே இறங்கி, வழியில்லாமல் அடியில் நின்று உள்ளிருந்தே தின்றிருக்கிறது. பூச்சு அடித்து அடித்து வெளியை மட்டும் காப்பாற்றி என்ன பயன்?

கேற்றைப் பிணைச்சலில் இருந்து கழற்றி மேசையில் படுக்கவைத்தேன். தொங்கவிட்டபடி ஒட்டினால் கோணலும் வரும், ஏர்த்தைத் தூணில் மாட்டினால் மின் பிணைச்சல் வழியாகப் போய் அங்கே பொறி விட்டுச் சுடும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு எங்கே தொடங்குகிறது என்று சத்தம் சொல்லும். அதிலிருந்து இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி வெட்டினேன். வெட்டிய கறல் தகட்டில் பேப்பர் தடிப்புத்தான் மீதி.

புதிய துண்டு வாங்கும்போது ஜீஐ பொக்ஸ் பாரும் இருந்தது, பூச்சில்லாத கறுப்பும் இருந்தது. ஜீஐ என்றால் நாகப் பூச்சு. நாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகும், இரும்பு உருகவோ 1,500 பாகை வேண்டும். ஆகவே ஒட்டும்போது வெள்ளைப் புகையாக எழும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணித்தியாலத்தில் குளிர், நடுக்கம், காய்ச்சல். ஒன்றிரண்டு நாளில் விடும். பால் குடித்தால் பிடிக்காது என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் குடலுக்குத்தான் போகும், புகை போவது நெஞ்சுக்கு. நான் கறுப்பையே எடுத்தேன். ஜீஐ தான் வேண்டும் என்றால் ஒட்டும் இடத்திலிருந்து ஒரு அங்குலத்துக்குப் பூச்சை உரோஞ்சி எடுத்துவிட்டு ஒட்டுங்கள்.

1.5 மில்லிமீற்றரில் ஓட்டை விழாமல் ஒட்டச் சில வழிகள் கைகொடுத்தன. இரண்டு துண்டும் சேரும் இடத்தில் இடைவெளி துளியும் இருக்கக்கூடாது. பொக்ஸுக்குள்ளே இறுக்கமாகப் போகும்படி 3 மில்லிமீற்றர் பட்டை இரும்புத் துண்டுகளை நுழைத்துவைத்தேன், பின்னால் நின்று சூட்டைத் தாங்க. றொட்டின் வயரை மெசினின் மற்ற முனைக்கு மாற்றினேன். டிசி மெசினில் றொட்டை மறை (−) முனையில் போட்டால் ஒட்டு குறைவாக உள்ளிறங்கும், மெல்லிய இரும்புக்கு அது வசதி. 2 மில்லிமீற்றர் றொட், 50 அம்பியர். நீளமாக இழுக்காமல், சிறு சிறு ஒட்டாக வைத்து, சிவப்பு மங்கியதும் அடுத்ததை அதன் மேல் பாதி ஏறும்படி வைத்துப் போனேன். மெல்லிய இரும்பை நிமிர்த்தி மேலிருந்து கீழே வேகமாக இறக்கி ஒட்டினாலும் ஓட்டை விழாது. பாரம் தாங்கும் தடித்த வேலைக்கு அப்படிச் செய்யக்கூடாது, கசடு அடைபடும்.

அடிச்சட்டத்தின் கீழ்ப்பக்கம் 6 மில்லிமீற்றர்த் துளைகள் போட்டேன், தண்ணீர் இறங்க. மேல் மூட்டுகளில் விட்டுப்போன இடங்களை ஒட்டி அடைத்தேன். என் கணிப்பில் இந்தத் துளைகள் வெல்டிங்கைவிட அதிக வருடம் கேற்றுக்குக் கொடுக்கும்.

பூச்சுக்கு முதல் கசடு முழுக்கப் போகவேண்டும். 6013 இன் கசடு ஒரு பொட்டு மிஞ்சினாலும் அதன்மேல் அடித்த பெயின்ற் பிறகு உரிந்து வரும். அதோடு உப்பு. கேற் முழுவதையும் நல்ல தண்ணியால் கழுவி, வெயிலில் காயவைத்து, அன்றைக்கே ஆன்ரிகொரோசிவ் (துருத்தடுப்புப் பெயின்ற்) இரண்டு தரம். ஒரு இரவு வெளியில் விட்டால் திரும்ப உப்புப் படியும்.

மாரி தொடங்கியதும் ஒட்டு வேலை நின்றுவிடும். மிச்ச றொட்டுகளை இறுக்கி மூடும் தகரப் பேணியில் போட்டு வைத்திருக்கிறேன். ஈரம் இழுத்த றொட் பொறி தெறித்து, புகைந்து, ஒட்டில் துளை விடும். சூளையில் 100 பாகையில் ஒரு மணித்தியாலம் வைத்தால் 6013 பெரும்பாலும் திரும்பி வரும், பூச்சு உதிரத் தொடங்கியதை எறிவதுதான்.

கேற்றைப் பார்த்துவிட்டு அயலில் சிலர் வேலை கொண்டுவரத் தொடங்கினார்கள். கதிரைக் கால், சைக்கிள் ஸ்ராண்ட், பூச்சாடித் தட்டு, எல்லாம் சரி. மோட்டார் சைக்கிள் பெற்றோல் ராங்கியைத் தொடவே மாட்டேன், கழுவிக் காயவைத்தது என்றாலும். உள்ளே மிஞ்சிய ஆவி போதும். லான்ட் மாஸ்டர் (இருசில்லு உழவு இயந்திரம்) பெட்டியின் கொழுக்கியும் வேண்டாம், றோட்டில் மற்றவர்களின் உயிர் அது. ஏணியும் அப்படியே. போன கிழமை ஒருவர் தண்ணீர்த் தாங்கிக்கு ஸ்ராண்ட் அடித்துத் தரமுடியுமா என்று கேட்டார். 1,000 லீற்றர் என்றால் ஒரு தொன் தலைக்கு மேல் நிற்கும். அண்ணையின் கடைக்கு வழி சொல்லி அனுப்பினேன்.